விலை வைக்கும் உரிமை உங்களுடையது

கொல்லிமலையில் விதையும் மணியும் சுடுமண்ணும் நூலும் கொண்டு கைநகை செய்யும், செய்யத் தொடங்கியிருக்கும் மகளிர் குழுச் சகோதரிகளுக்கு,



ஆடி மாதம் உங்கள் மலை நிரம்பி வழியும். 17, 18 ஆகிய நாட்களில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அறப்பளீஸ்வரர் கோயிலில் பெருங்கூட்டம். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் மாலை, தோடு, வளையல் என்று மாதக்கணக்கில் கோத்து வைக்கிறீர்கள். அவற்றுக்கு என்ன விலை வைப்பது என்பது பற்றி மட்டும் இந்த மடலில் பேசுகிறேன். வேலைப்பாட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அது உங்கள் கைக்குத் தெரியும். கணக்கைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

உங்கள் மலையில் விளையும் பொருள்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஏற்றி அனுப்புகிறீர்கள். கீழே சேகோ ஆலையில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்து, அவர்கள்தான் விலை சொல்கிறார்கள். மிளகின் விலை கொச்சிச் சந்தையை ஒட்டி ஏறி இறங்குகிறது. காபியின் விலைக்கு நியூயார்க் வரை போக வேண்டும். பலாவும் அன்னாசியும் வாழையும் சோளக்காட்டுச் சந்தைக்கு வந்தால், சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் கெட்டுப்போகும் என்பது வியாபாரிக்குத் தெரியும். அவர் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறீர்கள். இத்தனை பொருள்களிலும் விலை வைப்பவர் வேறொருவர். உங்கள் கையால் கோத்த மாலை அப்படியல்ல. அது அழுகாது. அதற்கு வெளிச்சந்தை விலை என்று ஒன்று கிடையாது. ஆலைக்காரர் வந்து அதற்குப் பாயிண்ட் பார்க்க முடியாது. இந்த மலையில் உங்கள் வாயால் விலை சொல்லக்கூடிய அரிய பொருள் அது. அந்த உரிமையையும் 'கொடுக்கிறதைக் கொடுங்க' என்று விட்டுவிடாதீர்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

விலை வைப்பது பெரிய வித்தை அல்ல. அதற்கான முறை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மகள் கல்யாணத்துக்கு நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ நகை வாங்கப் போனால் கடைக்காரர் என்ன பில் போடுகிறார்? தங்கத்தின் விலை ஒரு வரி. சேதாரம் ஒரு வரி. செய்கூலி ஒரு வரி. அதற்கு மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. செய்கூலியைக் குறைக்கச் சொல்லி நாம் மன்றாடுவோம். செய்கூலியே போடக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. தங்கத்துக்குச் செய்கூலி உண்டு என்று ஏற்றுக்கொள்ளும் அதே மனது, விதை மாலைக்கு வந்ததும் 'காட்டில் சும்மா கிடைக்கிற விதைதானே' என்கிறது. வாங்குபவர் மட்டுமல்ல, செய்தவரும் பல நேரம் அப்படித்தான் நினைக்கிறார். உங்கள் மாலைக்கும் அந்தப் பில்லை வரி வரியாகப் போட்டுப் பார்ப்போம்.

முதல் வரி, பொருள். நூல், கொக்கி, வளையம், இடைமணி, வண்ணம், பை, விலைச்சீட்டு ஆகியவற்றைச் சேலத்திலோ சென்னை சவுகார்பேட்டையிலோ மொத்தமாக வாங்குவீர்கள். வாங்கிய பில்லை வைத்துக்கொண்டு ஒரு மாலைக்கு எவ்வளவு போகிறது என்று பிரியுங்கள். ஒரு பாக்கெட்டில் நூறு கொக்கி இருந்தால் நூறால் வகுக்க வேண்டும், குத்துமதிப்பு வேண்டாம். விதை சும்மா கிடைப்பதில்லை. மரத்தடிக்கு நடந்து, குனிந்து பொறுக்கி, சொத்தையைத் தள்ளி, கழுவி, காயவைத்து, ஒரே அளவாகப் பிரித்தெடுக்க நேரம் ஆகிறது. அந்த நேரத்தைக் கூலியில் சேருங்கள். காட்டு விளைபொருளைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உங்கள் உரிமையால் கிடைத்த பொருளுக்கு மதிப்பு இல்லை என்று நீங்களே சொல்லலாமா?

விதையைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிவப்பும் கறுப்புமான குன்றிமணி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஓடு உடையாத வரை ஆபத்து குறைவு. துளை போட்டால் ஓடு உடைகிறது, தூள் பறக்கிறது, துளையிடும் உங்களுக்கே கேடு. வாங்கிய வீட்டில் குழந்தை கடித்தால் உயிருக்கே ஆபத்து. இங்கிலாந்தில் ஈடன் புராஜெக்ட் என்ற பெரிய தோட்டத்தின் கடையில் இந்த விதையால் செய்த கைச்சங்கிலிகளை விற்றுவிட்டு, 2011-இல் வாங்கியவர்களிடமிருந்து திரும்பப் பெறும்படி ஆனது. குன்றிமணியை விட்டுவிடுங்கள். வேறு விதை ஆயிரம் இருக்கிறது.

இரண்டாவது வரி, செய்கூலி. எல்லோரும் தவறவிடும் வரி இதுதான். சமையல் முடித்து, மாட்டைக் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 'சும்மா இருக்கும் நேரத்தில்' கோத்தேன் என்பீர்கள். சும்மா இருக்கும் நேரம் என்று ஒன்று உங்கள் நாளில் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த நேரத்துக்கு என்ன கூலி? அளவுகோல் கையிலேயே இருக்கிறது. 2025-26 நிதியாண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். மண் வெட்டிப் போடும், தனிப் பயிற்சி தேவைப்படாத வேலைக்கு உரிய கூலி அது. மாலை கோப்பதற்குப் பயிற்சி வேண்டும், கண் வேண்டும், கை வேண்டும். எனவே 42 ரூபாய் என்பது தரை. அதற்குக் கீழே போகக் கூடாது. மணிக்கு 60 ரூபாய் என்று தொடங்குங்கள். கை தேறத் தேற, புது வடிவம் யோசிக்க யோசிக்க ஏற்றிக்கொள்ளுங்கள்.

நேரத்தை எப்படி அளப்பது? செல்போனில் மணி பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஒரே வடிவத்தில் ஐந்து மாலை செய்யும்போது ஒவ்வொரு வேலைக்கும் ஆன நேரத்தைக் குறித்து, கூட்டி, ஐந்தால் வகுத்தால் சரியான கணக்கு வரும். ஓர் எடுத்துக்காட்டு போட்டுக் காட்டுகிறேன். 90 மஞ்சாடி விதையும் ஒரு சுடுமண் டாலரும் கொண்ட மாலை என்று வைத்துக்கொள்வோம். விதை பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலையில் இந்த மாலையின் பங்கு 15 நிமிடம். மஞ்சாடி கல் மாதிரிக் கடினம். சாதாரண ஊசி இறங்காது, சிறிய டிரில்லில் மெல்லிய பிட் மாட்டி ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டும். விதைக்கு அரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு என்றாலும் 90 விதைக்கு 40 நிமிடம். டாலருக்கு மண் பிசைந்து, வடித்து, சுட்டு, வண்ணம் தீட்டுவதில் 35 நிமிடம். கோத்து முடிச்சுப் போட்டுக் கொக்கி மாட்ட 25 நிமிடம். சரிபார்த்துப் பையில் போட 5 நிமிடம். மொத்தம் 120 நிமிடம், அதாவது இரண்டு மணி நேரம். மணிக்கு 60 வீதம் செய்கூலி 120 ரூபாய்.

மூன்றாவது வரி, சேதாரம். துளைக்கும்போது விதை பிளக்கும். சூளையில் டாலர் வெடிக்கும். வண்ணம் வழிந்து போகும். நூல் அளவு தவறும். இதெல்லாம் கைத்திறமையின் குறை அல்ல, தொழிலின் இயல்பு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கல்மணிப் பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. முழுமை பெற்ற மணிகளோடு, துளையிடாத மணிகளும் பாதி வேலையில் நின்றவையும் கழிவுச் சில்லுகளும் அங்கே கிடந்தன. நம் கொங்கு நாட்டில் மணி செய்தவர்களுக்கு அன்றே சேதாரம் இருந்திருக்கிறது. அதைத் தாங்கித்தான் அவர்கள் தொழில் நடந்திருக்கிறது. உங்கள் பில்லிலும் அது இருக்கட்டும். பொருளும் கூலியும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கலாம். நம் மாலையில் பொருள் 50 ரூபாய், கூலி 120 ரூபாய். சேதாரம் 17 ரூபாய். உங்கள் நோட்டில் உண்மையான சேதம் அதைவிடக் கூடுதலாகத் தெரிந்தால் கூட்டுங்கள்.

நான்காவது வரியை நகைக்கடைப் பில்லில் தனியாகக் காட்டமாட்டார்கள், ஆனால் அது உள்ளே இருக்கும். பொதுச் செலவு. பொருள் வாங்கச் சேலம் போய்வரும் பேருந்துக் கட்டணம், தேய்ந்துபோகும் டிரில் பிட், கரண்ட் பில், செல்போன் ரீசார்ஜ், குழு கூடும் இடத்தின் வாடகை. ஒரு மாதத்துக்கு இதெல்லாம் 1,200 ரூபாய் ஆகிறது, குழு மொத்தமும் சேர்ந்து நகை வேலையில் 120 மணி நேரம் உட்காருகிறது என்றால், ஒரு மணி நேர வேலையின் தலையில் 10 ரூபாய் விழுகிறது. இரண்டு மணி நேர மாலைக்கு 20 ரூபாய்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பொருள் 50, செய்கூலி 120, சேதாரம் 17, பொதுச் செலவு 20. அடக்கம் 207 ரூபாய்.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறது, லாபம். கூலி வேறு, லாபம் வேறு. கூலி, கோத்தவரின் உழைப்புக்கு. லாபம், குழுவுக்கு. அடுத்த முறை நல்ல கொக்கி வாங்க, புதிய டிரில் வாங்க, மழைக்காலத்தில் விற்பனை படுத்தால் தாங்க, கடனுக்கு வட்டி கட்ட அது வேண்டும். இரண்டையும் கலந்து ஒரே பெட்டியில் போடும் குழுக்களில்தான் சண்டை வரும். ஒருத்தி ராப்பகலாக உழைத்திருப்பாள், ஒருத்தி கூட்டத்துக்கு மட்டும் வந்திருப்பாள், பங்கு இருவருக்கும் சமமாக விழும். மாலை முடித்துக் கொடுத்த அன்றே கோத்தவருக்குக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். லாபத்தைக் குழுக் கணக்கில் போடுங்கள். அடக்கத்தில் 20 சதவீதம் லாபம் என்றால் 41 ரூபாய், 248 வருகிறது. 250 என்று வையுங்கள். இது கடைக்காரருக்குக் கொடுக்கும் மொத்த விலை.

இதே மாலையை விழாக் கூட்டத்தில் 120 ரூபாய்க்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பொருளும் சேதாரமும் பொதுச் செலவும் சேர்ந்த 87 ரூபாய் போய்விடும். மிச்சம் 33. இரண்டு மணி நேர உழைப்புக்கு 33 ரூபாய். மணிக்கு 16 ரூபாய் 50 காசு. அதே இரண்டு மணி நேரம் நூறு நாள் வேலையில் நின்றிருந்தால் 84 ரூபாய். 'எல்லாம் வித்துப்போச்சு' என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போகும் நாளில் உண்மையில் நடப்பது இதுதான். விற்றுத் தீர்ந்தது வெற்றி அல்ல. எவ்வளவுக்குத் தீர்ந்தது என்பதே கணக்கு.

பொருள் செலவை மூன்றால் பெருக்கினால் விலை என்று ஒரு வாய்பாடு பல பயிற்சி வகுப்புகளில் சொல்லப்படுகிறது. அதை நம்ப வேண்டாம். நம் மாலையின் பொருள் 50 ரூபாய். மூன்று மடங்கு 150. அடக்கமே 207 என்று பார்த்தோம். ஏன் தப்புகிறது? விதை நகையில் பொருள் மலிவு, உழைப்பு கூடுதல். வெள்ளி நகையில் கதை நேர்மாறு. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகளைப் பாருங்கள். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுக்கிறார். பட்டறைக்காரர் கொலுசாக்கி எடை போட்டுத் திருப்புகிறார். கூலியும் சேதாரமும் எடைக் கணக்கிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. அங்கே வெள்ளியின் விலைதான் பெரும்பங்கு, அதை மூன்றால் பெருக்கினால் கொலுசை யாரும் வாங்க முடியாது. ஆக, ஒவ்வொரு தொழிலுக்கும் அதன் கணக்கு. உழைப்பு மிகுந்த உங்கள் தொழிலில் நேரத்தை அளந்துதான் விலை வைக்க முடியும்.

அடுத்து, இரண்டு விலை. 250 என்பது கடைக்குக் கொடுக்கும் விலை என்றேன். வாங்குபவர் கையில் போய்ச் சேரும் விலை அதுவல்ல. கடைக்காரருக்கு வாடகை உண்டு, ஆள் சம்பளம் உண்டு, விற்காமல் கிடக்கும் சரக்கு உண்டு. அவர் 400 ரூபாய்க்கு விற்பார். அது அநியாயம் அல்ல. விழாவில் நீங்களே கடை போட்டாலும் அந்தச் செலவு உங்களுக்கும் இருக்கிறது. இரண்டு நாள், இரண்டு பேர், நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 32 மணி நேரம். தரைக்கூலி 42 வீதமே போட்டாலும் 1,344 ரூபாய். அதற்கு மேல் கடைக்கான இடம், பந்தல், சாப்பாடு. அதனால் உங்கள் கடையிலும் விலை 400 ஆகவே இருக்கட்டும். நேரில் வருபவருக்கு 250, கடையில் 400 என்று இரண்டு விதமாக விற்றால், கடைக்காரர் அடுத்த முறை உங்கள் சரக்கை எடுக்கமாட்டார். வாங்கியவரும் ஏமாந்ததாக நினைப்பார். 'வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் பணம்' என்று சொல்லும் கடையில், காத்திருப்பதும் சரக்கு அழுக்காவதும் உங்கள் தலையில். அங்கே 250 போதாது. கூடுதலாகக் கேளுங்கள், எத்தனை நாளில் கணக்கு முடிப்பார் என்பதை எழுதி வாங்குங்கள்.

400 ரூபாய் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான பயம். மூன்று பதில்கள் இருக்கின்றன.

ஒன்று, எண்ணிக்கையைப் பாருங்கள். 120 ரூபாய்க்குப் பத்து மாலை விற்றால் 20 மணி நேர உழைப்புக்கு 330 ரூபாய். 400 ரூபாய்க்கு நான்கே மாலை விற்றால், மாலைக்கு 87 கழித்து 313 வீதம், 8 மணி நேர உழைப்புக்கு 1,252 ரூபாய். கடையில் உட்காரும் செலவு இரண்டுக்கும் ஒன்றுதான். குறைவாக விற்றுக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம். விற்காதது கெட்டும் போகாது, அடுத்த சந்தைக்கு வரும்.

இரண்டு, கூலியைக் குறைக்காதீர்கள், நேரத்தைக் குறையுங்கள். விதைகளை ஒரே அளவுப் பள்ளம் வெட்டிய பலகையில் வைத்து ஒரு நாள் முழுக்கத் துளைத்தால், மாலைக்கு மாலை எடுத்துத் துளைப்பதைவிட வேலை விரைவாகும். டாலர்களை அச்சில் எடுத்து ஒரே சூளையில் சுடலாம். 90 விதையை 60 ஆக்கி நடுவில் நூல் முடிச்சுப் போட்டால் அழகும் கூடும், நேரமும் குறையும். அப்படியும் ஒரு வடிவம் விலைக்குக் கட்டுப்படவில்லை என்றால் அதைச் செய்வதை நிறுத்திவிடுங்கள். எல்லா வடிவத்தையும் விற்றே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

மூன்று, எல்லோர் கைக்கும் எட்டும்படி விலைப்படிகள் வையுங்கள். ஒரு ஜோடித் தோட்டுக்குப் பொருள் 14 ரூபாய், 25 நிமிடக் கூலி 25 ரூபாய், சேதாரம் 4, பொதுச் செலவு 4, அடக்கம் 47. லாபம் சேர்த்து மொத்த விலை 60, சில்லறை விலை 100. பிள்ளைகளோடு வருபவர் அதை வாங்குவார். மாலை 400. தோடு, மாலை, வளையல் சேர்ந்த செட் இன்னும் மேலே. நூறு ரூபாய்க்காரருக்கு நூறு ரூபாய்ப் பொருளைக் கொடுங்கள். நானூறு ரூபாய்ப் பொருளை நூறுக்குக் கொடுக்காதீர்கள்.

பேரம் பேசுவது நம் ஊர் வழக்கம். அதைத் தவிர்க்க முடியாது, ஆனால் கட்டுப்படுத்தலாம். விலையை அச்சடித்த சீட்டில் எழுதிக் கட்டிவிட்டால் பாதிப் பேரம் அடங்கிவிடும். எழுத்தில் இருக்கும் விலைக்கு வாய்ச்சொல் விலையைவிட மரியாதை அதிகம். கேட்பவரிடம், 'இதில் இரண்டு மணி நேர வேலை இருக்குதுங்க. துளை ஒவ்வொண்ணும் கையால போட்டது. விலை குறையாது, குறைஞ்ச விலைக்கு இந்தத் தோடு இருக்குது பாருங்க' என்று பணிவாகச் சொல்லுங்கள். மூன்று பொருள் சேர்த்து வாங்கினால் இவ்வளவு தள்ளுபடி என்று முன்பே குழுவில் முடிவு செய்து எழுதி வையுங்கள். தள்ளுபடி லாபத்திலிருந்து போகட்டும். கூலியிலிருந்து ஒரு ரூபாயும் போகக் கூடாது.

மும்பை மலாடு பக்கத்துப் பட்டறைகளிலிருந்து வரும் கவரிங், இமிடேஷன் நகைகளும், அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மணிகளும் உங்கள் கடைக்குப் பக்கத்திலேயே 50 ரூபாய்க்கு விற்கும். அவற்றோடு விலையில் மோதாதீர்கள், ஜெயிக்க முடியாது. எந்த மரத்து விதை, எந்த ஊர்ப் பெண்கள் கோத்தது, எப்படிப் பராமரிப்பது என்று சீட்டில் நான்கு வரி எழுதுங்கள். நீலகிரித் தோடர்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகர்கோவில் கோயில் நகைகளுக்கும் அந்தக் குறியீடு உண்டு. ஊரின் பெயரும் கையின் அடையாளமும் ஒரு பொருளுக்கு மதிப்புக் கூட்டும் என்பதற்கு அவை சான்று. ஆனால் எழுதுவது உண்மையாக இருக்கட்டும். மணி சவுகார்பேட்டையில் வாங்கியது என்றால் 'மணி வாங்கியது, கோத்தது கொல்லிமலையில்' என்றே எழுதுங்கள்.

வெளியூர்ச் சரக்கைவிட உங்களுக்குப் பெரிய ஆபத்து, பக்கத்துக் குழு. ஒரு குழு 400 என்றால் அடுத்த குழு 300 என்கிறது. மூன்றாவது குழு 150-க்கு இறங்குகிறது. கடைசியில் மூன்று குழுவுக்கும் கூலி மிஞ்சுவதில்லை. லாபம் எல்லாம் காரில் ஏறிக் கீழே போய்விடுகிறது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு என்று எந்த நாட்டுக் குழுவாக இருந்தாலும், ஆடி விழாவுக்கு முன் ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக உட்காருங்கள். மணிக்கு இவ்வளவு கூலிக்குக் கீழே யாரும் விற்பதில்லை என்று தீர்மானம் போட்டு எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். வடிவத்தில் போட்டி போடுங்கள், கூலியில் வேண்டாம்.

பெண்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் மலை ஏற்கெனவே பார்த்திருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி பரவியது. அதற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, உமி நீக்கும் பாடு. சாமையை உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்தியது பெண்கள். தானியத்துக்கு விலை இருந்தது, குத்திய கைக்கு விலை இல்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியங்களுக்காக வேலை செய்தபோது, விதையைக் காப்பதோடு நிற்காமல், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்ததும், சுய உதவிக் குழுக்கள் மூலம் அரிசியாகவும் ரவையாகவும் மாவாகவும் ஆக்கிப் பையில் போட்டு விற்கச் செய்ததும் அதனால்தான். உழைப்பு குறைந்தது, மிஞ்சிய உழைப்புக்கு விலை கிடைத்தது; அந்த வழியில்தான் சிறுதானியத்தைக் காக்க முயன்றார்கள். கைநகைக்கும் இதே விதிதான். செய்பவருக்குக் கட்டாத தொழிலை அவர் மகள் தொடரமாட்டாள்.

உங்கள் மலையை ஆண்ட ஓரி கொடையில் பேர்பெற்றவன். நீரில் பூக்காத, மணிகளால் செய்த குவளை மலர்களை வெள்ளி நாரில் தொடுத்த அணியையும் வேறு அணிகலன்களையும் யானைகளோடு அவன் கலைஞர்களுக்குக் கொடுத்ததாக வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்தக் குவளையைச் செய்த கை யாருடையது என்று நமக்குத் தெரியாது. அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்பதும் தெரியாது. கொடுத்தவன் பெயர் நின்றது, செய்தவர் பெயர் நிற்கவில்லை. கொடை மன்னனுக்கு அழகு. கடை போட்டு உட்கார்ந்திருக்கும் உங்களிடம் யாரும் கொடை எதிர்பார்க்க நியாயம் இல்லை. பிரியப்பட்டவருக்கு ஒரு மாலையைப் பரிசாகக் கொடுங்கள், அது உங்கள் மனது. விற்பதாக இருந்தால் விலைக்கு விற்க வேண்டும்.

விற்கும் இடங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகளிர் குழுப் பொருள்களுக்காக மாவட்டத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகங்கள் இருக்கின்றன. 'மதி' என்ற பெயரில் அரசு விற்பனை ஏற்பாடுகளும் உண்டு. கைவினைப் பொருள்களுக்குப் பூம்புகார் நிறுவனம், பழங்குடியினர் பொருள்களுக்கு மத்திய அரசின் டிரைஃபெட். எங்கே போனாலும் முதலில் கேட்கப்படுவது ஒரே கேள்வி: 'மொத்த விலை என்ன, சில்லறை விலை என்ன?' நோட்டைப் பார்த்து உடனே பதில் சொல்லும் குழுவிடம்தான் ஆர்டர் போகும். ஜி.எஸ்.டி. என்றதும் பலர் பயப்படுகிறார்கள். பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத வரை, தமிழ்நாட்டுக்குள் விற்கப் பொதுவாகப் பதிவு தேவையில்லை. ஆன்லைன் நிறுவனங்கள் வழியாகவும் வெளி மாநிலத்துக்கும் அனுப்பும்போது தனி விதிகள் உண்டு. அந்தக் கட்டத்துக்கு வரும்போது ஒரு கணக்கரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சகோதரிகளே, உங்களிடம் நான் கேட்பது மூன்று காரியம். இந்த வாரமே ஒரு நோட்டு போடுங்கள். பொருள், நேரம், சேதாரம், பொதுச் செலவு, லாபம் என்று ஐந்து கட்டம் கோடு போட்டு, செய்யும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மலையிலுள்ள மற்றக் குழுக்களோடு உட்கார்ந்து தரைக்கூலியை முடிவு செய்யுங்கள். வரும் ஆடியில் விலைச்சீட்டு கட்டாத ஒரு மாலையும் உங்கள் கடையில் தொங்கக் கூடாது. விலை கேட்பவர் முகத்தைப் பார்த்து விலை சொல்லாதீர்கள், உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
சேந்தமங்கலத்திலிருந்து உங்கள் சகோதரி